வீட்டிலிருந்து வெளியே எத்தனை வழிகள்?
விரியும் பெங்களூருவும் தெருக்களின் இணைப்பும்

வீட்டுக் கடன் நாடி எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பல கேள்விகளுடன் வருகின்றனர். வட்டி விகிதம் எவ்வளவு, தவணைக் காலம் எத்தனை ஆண்டுகள், கடனை முன்கூட்டியே அடைக்க இயலுமா, பத்திரத்தில் குறை ஏதேனும் உள்ளதா என்பன அவற்றுள் முதன்மையானவை. இக்கேள்விகள் அனைத்தும் இன்றியமையாதவையே. எனினும், இவற்றுக்கு இணையாகக் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அந்த வீட்டிலிருந்து வெளியே செல்ல எத்தனை வழிகள் உள்ளன என்பதே அது.

மனை விற்பனை விளம்பரங்களில் பள்ளி, மருத்துவமனை, மென்பொருள் பூங்கா ஆகியவை மனைக்கு மிக அருகில் இருப்பதாக வரைபடம் காட்டும். வரைபடத்தில் இரண்டு விரற்கடை அளவே தெரியும் அத்தொலைவு, நடந்து பார்க்கும்போது ஒரு மதிலைச் சுற்றி, ஓர் ஏரியைச் சுற்றி, நெரிசல் மிகுந்த ஒரு பெருஞ்சாலையின் வழியாக நீண்டு செல்வதைப் பலர் குடியேறிய பின்னரே உணர்கின்றனர். நகரம் விரிவடையும்போது அதன் தெருக்கள் ஒன்றோடொன்று இணையும் தன்மை எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றம் குடும்பத்தின் வரவுசெலவை எவ்வாறு பாதிக்கிறது என்பவற்றைப் பெங்களூருவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தெரு இணைப்பு என்றால் என்ன?

ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்லத் தெருக்கள் எந்த அளவுக்கு நேரான வழியையும் மாற்று வழிகளையும் தருகின்றனவோ, அந்த அளவே தெரு இணைப்பு எனப்படும். இதனை அளவிடச் சில எளிய வழிகள் உள்ளன. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் எத்தனை தெருச் சந்திப்புகள் உள்ளன என்று எண்ணுவது ஒன்று. அச்சந்திப்புகளில் நான்கு தெருக்கள் கூடுகின்றனவா, மூன்று மட்டுமே கூடுகின்றனவா என்று காண்பது இரண்டாவது. மறுமுனை அடைபட்ட முட்டுச் சந்துகள் எத்தனை என்று கணக்கிடுவது மூன்றாவது. இரு இடங்களுக்கிடையே உள்ள நேர்த்தொலைவைப் போல் நடக்க வேண்டிய தொலைவு எத்தனை மடங்கு என்று பார்ப்பது நான்காவது. இதனைச் சுற்று விகிதம் எனலாம்.

ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு அமைப்பு, நன்கு திட்டமிடப்பட்ட ஒரு நகர்ப்பகுதியில் நிலப்பரப்பின் 30 விழுக்காடு தெருக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் எனவும், ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் நீளத் தெருக்கள் இருக்க வேண்டும் எனவும் பரிந்துரைக்கிறது. நூறு மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் தெருக்களை அமைத்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் 20 கிலோமீட்டர் நீளத் தெருக்களும் ஏறத்தாழ 100 சந்திப்புகளும் கிடைக்கும். ஆகவே இப்பரிந்துரை எட்டாக் கனியன்று; பழைய நகர்ப்பகுதிகள் பலவற்றில் இயல்பாகவே காணப்படும் அளவுதான்.

தெரு அமைப்புகளைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சதுரங்கப் பலகை போன்ற கட்ட அமைப்பு. இரண்டாவது, மரம் போன்ற அமைப்பு. மரத்தில் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்குச் செல்ல வேண்டுமானால், காம்பு வழியாகக் கிளைக்கும், கிளை வழியாக அடிமரத்துக்கும் இறங்கி, மீண்டும் மற்றொரு கிளை வழியாக ஏற வேண்டும். இலைகள் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தாலும் வழி அதுவே. கட்ட அமைப்பில் நிலைமை வேறு. மூன்று கட்ட நீளமும் மூன்று கட்ட அகலமும் கொண்ட ஒரு சிறு பகுதியில், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்ல ஒரே நீளமுடைய 20 வெவ்வேறு குறுக்கு வழிகள் உள்ளன. ஒரு தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினாலும் மீதி வழிகள் திறந்தே இருக்கும். முழுமையான கட்ட அமைப்பில், சிறு கட்டங்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும்போது சுற்று விகிதம் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டாது. மர அமைப்பில் அதற்கு வரம்பே இல்லை. அரை கிலோமீட்டர் நேர்த்தொலைவு இரண்டு கிலோமீட்டர் பயணமாக நீள்வதும் உண்டு.

பேட்டை முதல் ஜெயநகர் வரை

1537-ஆம் ஆண்டில் கெம்பே கௌடா நிறுவியதாகக் கருதப்படும் பெங்களூருப் பேட்டை, இரு பெருந்தெருக்களின் சந்திப்பிலிருந்து வளர்ந்தது. வடக்குத் தெற்காகச் செல்லும் தொட்டபேட்டையும் கிழக்கு மேற்காகச் செல்லும் சிக்கபேட்டையும் அவை. வெள்ளை எருதுகள் பூட்டிய நான்கு ஏர்கள் அச்சந்திப்பிலிருந்து நான்கு திசைகளிலும் உழுது சென்ற கோடுகளே தெருக்களாயின என்பது செவிவழிச் செய்தி. தொட்டபேட்டை இன்று அவென்யூ சாலை என வழங்கப்படுகிறது. அரிசி விற்ற அக்கிபேட்டை, வளையல் விற்ற பளேபேட்டை, பருத்தி விற்ற அரளேபேட்டை, குயவர்கள் வாழ்ந்த கும்பாரபேட்டை எனத் தொழில்வாரியாக அமைந்த தெருக்கள் குறுகலானவை; ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லத்தக்கவை. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, மாசி வீதிகள் அடுக்கடுக்காக அமைந்த மதுரையை அறிந்தவர்களுக்கு இத்தகைய அமைப்பு புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரம் பேட்டையைத் தாண்டி வளர்ந்தது. 1898-இல் பரவிய கொள்ளைநோய், நெரிசல் மிகுந்த பேட்டையிலிருந்து மக்களை வெளியேறச் செய்தது. அக்காலத்தில் உருவான மல்லேசுவரமும் பசவனகுடியும் நேரான தெருக்களைக் கொண்ட கட்ட அமைப்பில் வகுக்கப்பட்டன. 1945-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைக்கப்பட்டது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஜெயநகரும் அதே மரபைத் தொடர்ந்தது.

பெங்களூருவின் முகவரி முறையே இம்மரபுக்குச் சான்றாக விளங்குகிறது. ஒரு திசையில் செல்லும் தெருக்கள் 'மெயின்' எனவும், அவற்றைக் குறுக்கிடும் தெருக்கள் 'கிராஸ்' எனவும் எண்ணிடப்பட்டன. 'எட்டாவது மெயின், பதினைந்தாவது கிராஸ்' என்று சொன்னால், முன்பின் அறியாதவரும் எண்ணிக்கொண்டே வந்து வீட்டைக் கண்டுகொள்ளலாம். தெருக்கள் தொடர்ச்சியாக இருந்தால் மட்டுமே இத்தகைய முகவரி பொருள்படும். புறநகரில் இன்று வழங்கும் முகவரிகளைக் கவனியுங்கள். இன்ன அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்புறம், இன்ன பெட்ரோல் நிலையத்துக்கு அடுத்த சந்து என அவை அடையாளங்களால் நிறைந்துள்ளன. எண்கள் மறைந்து அடையாளங்கள் பெருகும் இடத்தில் தெருக்களின் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நகரம் விரிந்த விதம்

1976-இல் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் ஓசூர் சாலையில் மின்னணு நகரமும், 1990-களில் ஒயிட்பீல்டில் பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்காவும் உருவாயின. இவை பழைய நகரின் எல்லைக்கு வெகு தொலைவில் இருந்த கிராமங்களின் நடுவே எழுந்தவை. இடைப்பட்ட நிலப்பரப்பு பின்னரே குடியிருப்புகளால் நிரம்பியது. 2007-இல் பழைய மாநகராட்சியுடன் ஏழு நகராட்சிகளும் கெங்கேரி பேரூரும் சுமார் 110 கிராமங்களும் இணைக்கப்பட்டு பெருநகர மாநகராட்சி உருவாக்கப்பட்டது. சுமார் 226 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கும் மேலாகப் பெருகியது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்பரப்பில் 84 லட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

இவ்வாறு சேர்ந்த கிராமங்களில் தெரு அமைப்பு திட்டமிட்டு வகுக்கப்படவில்லை; வயல்களின் வரப்புகளே அதனைத் தீர்மானித்தன. ஓர் உழவர் தம் இரண்டு ஏக்கர் நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது, நடுவில் ஒரு தெரு விட்டு இருபுறமும் மனைகளை அமைக்கிறார். அத்தெரு நிலத்தின் மறு எல்லையில் முடிவடைகிறது. அதற்கு அப்பால் உள்ள நிலம் வேறொருவருடையது. அவர் ஐந்தாண்டுகள் கழித்துத் தம் நிலத்தைப் பிரிக்கும்போது, தமக்கு வசதியான திசையில் மற்றொரு தெருவை அமைக்கிறார். அருகருகே உள்ள இரு தெருக்களும் சந்திப்பதில்லை. இரண்டும் தனித்தனியே பழைய வண்டிப்பாதையை வந்தடைகின்றன. அன்று மாட்டுவண்டி ஒன்று செல்லப் போதுமானதாக இருந்த அப்பாதை, இன்று நூற்றுக்கணக்கான வீடுகளின் ஒரே வாயிலாகிவிட்டது.

வளர்ச்சி ஆணையமும் பெரிய நிறுவனங்களும் அமைத்த மனைப்பிரிவுகளின் உள்ளே தெருக்கள் ஒழுங்காகவே உள்ளன. ஆயினும் ஒரு மனைப்பிரிவின் ஒழுங்கு அதன் எல்லையோடு நின்றுவிடுகிறது. அடுத்த பிரிவோடு அது ஓரிரு இடங்களில் மட்டுமே இணைகிறது. இதன் மேல், சுற்றுமதிலும் ஒற்றை வாயிலும் கொண்ட பெரும் குடியிருப்பு வளாகங்கள் எழுந்துள்ளன. பல ஏக்கர் பரப்புள்ள ஒரு வளாகத்தின் மதில், அதன் இருபுறமும் வாழ்வோருக்கு ஒரு சிறு குன்றைப் போன்ற தடையே.

இயற்கையும் நிறுவனங்களும் இட்ட தடைகளும் உண்டு. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரியின் தென்கரையில் வாழ்பவர் வடகரைக்குச் செல்ல அதனைச் சுற்றியே செல்ல வேண்டும். இராணுவ நிலங்கள், விமானத் தொழிற்சாலை வளாகம், இருப்புப்பாதைகள் ஆகியவையும் அவ்வாறே. இவற்றை விலக்க இயலாது, விலக்கவும் வேண்டியதில்லை. ஏரிகள் நகரின் உயிர்நாடி. ஆனால் இத்தகைய தடைகள் உள்ள நகரில், எஞ்சிய நிலத்திலாவது தெருக்கள் நெருக்கமாக இணைந்திருப்பது மேலும் இன்றியமையாததாகிறது.

இவற்றின் விளைவு வெளிவட்டச் சாலையில் வெளிப்படுகிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை, நகருக்குள் வராமல் கடந்து செல்லும் வாகனங்களுக்காக அமைக்கப்பட்டது. இன்று அதன் இருமருங்கும் வாழ்வோருக்கு அதுவே உள்ளூர்த் தெருவாகவும் உள்ளது. பால் வாங்கச் செல்பவரும், குழந்தையைப் பள்ளியில் விடச் செல்பவரும், ஓசூரிலிருந்து வரும் சரக்கு லாரியும் ஒரே சாலையில் கூடுகின்றனர். ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் பட்டு வாரியச் சந்திப்பின் நெரிசலைத் தமிழகத்திலிருந்து வந்து செல்லும் வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். அச்சந்திப்பில் வாகனங்கள் மிகுதி என்பது உண்மையே. அவற்றுள் பல, வேறு வழியில்லாததால் அங்கு வந்தவை என்பதையும் நாம் கருத வேண்டும்.

குடும்பக் கணக்கில் இதன் விலை

இணைப்பின்மையின் விலையை ஒரு எளிய கணக்கால் காண்போம். ஒரு வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர்த்தொலைவு 600 மீட்டர் எனக் கொள்வோம். தெருக்கள் கட்ட அமைப்பில் இருந்தால் நடை தொலைவு அதிகம் போனால் 850 மீட்டராக இருக்கும். சற்று வளர்ந்த குழந்தை தானே நடந்து சென்றுவிடும். இடையில் மதில் ஒன்று இருப்பதால் 2.4 கிலோமீட்டர் சுற்ற வேண்டியுள்ளது என்க. நேர்த்தொலைவைக் காட்டிலும் ஒரு முறைக்கு 1.8 கிலோமீட்டர் கூடுதல். பெற்றோர் ஒருவர் இருசக்கர வாகனத்தில் காலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, மாலையில் சென்று அழைத்து வந்தால் நாளொன்றுக்கு நான்கு முறை. கூடுதல் தொலைவு 7.2 கிலோமீட்டர். பள்ளி நாள்கள் 200 எனில் ஆண்டுக்கு 1,440 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வாகனத்துக்கு இது 32 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் 3,200 ரூபாய். தொகை சிறிது எனத் தோன்றலாம். நேரத்தைக் கணக்கிடுவோம். நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் எனில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 நிமிடம். ஆண்டுக்கு 96 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாள்களாகக் கணக்கிட்டால் ஆண்டில் 12 வேலை நாள்கள் ஒரு மதிலைச் சுற்றுவதிலேயே கழிகின்றன. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் இது 144 வேலை நாள்களாகும். பல குடும்பங்களில் இச்சுமையைத் தாங்குவோர் தாய்மார்களே. பணிக்குச் செல்லும் நேரத்தோடு இது பொருந்தாமல், இரண்டாவது வாகனம் வாங்கும் தேவையும் அதற்கான கடன் தவணையும் எழுகின்றன. வீட்டின் விலையில் எழுதப்படாத செலவுகள் இவை.

இதே நிலையில் 500 குடும்பங்கள் உள்ளன எனில், ஆண்டொன்றுக்கு 7.2 லட்சம் கிலோமீட்டர் கூடுதல் பயணம் ஒரே பெருஞ்சாலையில் சென்று விழுகிறது. அங்கு நெரிசல் கூடுகிறது. சாலையை அகலப்படுத்தவும் மேம்பாலம் கட்டவும் கோரிக்கை எழுகிறது. மதிலில் ஒரு சிறு நடைவாயில் திறந்திருந்தால் அப்பயணங்களுள் பல தோன்றியே இரா.

பேருந்துப் பயணமும் இதனால் பாதிக்கப்படுகிறது. மறுமுனை அடைபட்ட தெருவுக்குள் பேருந்து நுழைந்து திரும்ப இயலாது. ஆதலால் பேருந்துகள் பெருஞ்சாலையோடு நின்றுவிடுகின்றன. வளாகத்தின் உட்பகுதியில் வாழும் முதியவர் நிறுத்தத்தை அடையவே ஆட்டோ தேட வேண்டியுள்ளது. மெட்ரோ இரயில் வந்த பின்னரும் நிலை இதுவே. நிலையம் அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் நடந்து செல்ல வழியில்லையெனில், அந்நிலையம் அவருக்கு அருகில் இருப்பதாகக் கூற முடியாது.

இடர்க் காலத்தில் இதன் தீவிரம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் பெய்த பெருமழையில் வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. மக்கள் டிராக்டர்களிலும் படகுகளிலும் வெளியேறிய காட்சிகளை நாடே கண்டது. வெள்ளத்துக்குக் காரணம் தெரு அமைப்பு மட்டுமன்று. மழைநீர்க் கால்வாய்களின் ஆக்கிரமிப்பும் ஏரிகளின் நிலையும் அதில் அடங்கும். ஆயினும், இருக்கும் ஒரே வழி நீரில் மூழ்கும்போது, மேட்டில் உள்ள வீடும் தீவாகிவிடும் என்பதே நாம் கருத வேண்டிய பாடம். அவசர ஊர்தியும் தீயணைப்பு வாகனமும் அந்த ஒரே வழியையே நம்பியுள்ளன.

மறுபக்கத்தையும் காண்போம்

அடைபட்ட தெருக்களை மக்கள் விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. வாகன இரைச்சல் குறைவு. குழந்தைகள் தெருவில் விளையாடலாம். அயலார் நடமாட்டம் குறைவாக இருப்பதால் திருட்டு அச்சம் குறையும் என்ற எண்ணம். இவற்றைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. எனினும் வாகனங்களைத் தடுப்பதும் மனிதர்களைத் தடுப்பதும் வேறு வேறு. தெருவின் முனையில் கற்கம்பங்களை நட்டால் கார்கள் நுழைய மாட்டா. நடப்போரும் மிதிவண்டியோட்டிகளும் செல்லலாம். அமைதியும் இணைப்பும் ஒருசேரக் கிடைக்கும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் தம் கூட்டங்களில் இதனை விவாதித்தல் நலம். பக்கத்துச் சங்கத்துடன் பேசி, பகல் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் ஒரு நடைவாயிலை அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று.

தெருக்கள் எளிதில் மாறுவதில்லை

கட்டடங்கள் இடிக்கப்பட்டு மீண்டும் எழுகின்றன. தெருக்கள் அவ்வாறு மாறுவதில்லை. 1666-இல் இலண்டன் மாநகரின் பெரும்பகுதி தீக்கிரையானது. கிறிஸ்டோபர் ரென் போன்றோர் அகன்ற நேரான தெருக்களுடன் புதிய நகர வரைபடங்களைத் தந்தனர். ஆயினும் நில உரிமையாளர்களின் எல்லைகளை மாற்ற இயலாமையால் நகரம் பெருமளவு பழைய தெருக்களின் மீதே மீண்டும் எழுந்தது. பெங்களூருப் பேட்டையிலும் இன்று காண்பது பல நூற்றாண்டுப் பழமையுடைய தெருக் கோடுகளே.

உலகெங்கும் உள்ள தெருக்களின் மின்னணு வரைபடங்களைக் கொண்டு கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆதம் மில்லார்ட்-பால் என்னும் இரு ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வுகள் 2015-இலும் 2020-இலும் வெளிவந்தன. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தெரு இணைப்பு குறைந்துகொண்டே வந்து, 1990-களின் நடுவில் அப்போக்கு திரும்பியது என முதல் ஆய்வு காட்டியது. 1975-க்குப் பின் உலகின் பல பகுதிகளில் புதிய தெருக்கள் முன்னைவிட இணைப்புக் குறைந்தனவாகவே அமைந்துள்ளன என்றும், தென் அமெரிக்க நாடுகள் சில கட்ட அமைப்பு மரபைக் கைவிடவில்லை என்றும் இரண்டாவது ஆய்வு கூறியது. விரியும் நகரம் இணைப்பை இழந்தே தீர வேண்டும் என்பது விதியன்று என இவற்றிலிருந்து அறியலாம். முதலில் எவ்வாறு அமைக்கிறோமோ அதுவே நெடுங்காலம் நிலைக்கும் என்பதும் தெளிவாகிறது.

நம் நாட்டிலேயே மாற்று வழி ஒன்று உள்ளது. குஜராத்தின் அகமதாபாத்தில் நகர அமைப்புத் திட்டங்கள் என்னும் முறை பின்பற்றப்படுகிறது. 1915-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டத்தில் வேரூன்றிய முறை அது. ஒரு பகுதியில் உள்ள உழவு நிலங்கள் அனைத்தும் ஒன்றுசேர்க்கப்பட்டு, தெருக்களுக்கும் பொதுத் தேவைகளுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளப்பட்டபின், எஞ்சிய நிலம் ஒழுங்கான மனையாக அதே உரிமையாளருக்குத் திருப்பித் தரப்படுகிறது. நிலத்தின் பரப்பு குறைந்தாலும், தெரு வசதி கிடைப்பதால் அதன் மதிப்பு உயர்கிறது. அந்நகரின் 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கான நிலத்தின் பெரும்பகுதி இம்முறையில் பெறப்பட்டது. பெங்களூருவில் 2000-களின் நடுவில் திட்டமிடப்பட்ட புறவட்டச் சாலையோ, நிலம் கையகப்படுத்தும் செலவு காரணமாக இருபது ஆண்டுகளாகத் தடைபட்டு வந்துள்ளது. 2025-இல் பெங்களூருவுக்குப் பெருநகர ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் அமைக்கப்பட்டுள்ளன. ஒரு மாநகராட்சியின் எல்லையில் முடியும் தெரு அடுத்த மாநகராட்சியில் தொடருமாறு திட்டமிடும் பொறுப்பு இனி மேலும் முதன்மை பெறும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

நகரின் தெருக்களைத் தனியொருவர் மாற்ற இயலாது. ஆனால் தம் சேமிப்பையும் அடுத்த இருபது ஆண்டு வருவாயின் ஒரு பங்கையும் எங்கு ஈடுபடுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அத்தீர்மானத்துக்கு முன் பின்வருவனவற்றை ஆராயுமாறு வேண்டுகிறோம்.

முதலாவதாக, நடந்து பாருங்கள். விற்பனையாளரின் காரில் ஒருமுறை சென்று வருவது போதாது. வேலை நாளின் காலையிலும் மாலையிலும் ஒருமுறை, இயன்றால் மழைநாளில் ஒருமுறை சென்று, பள்ளி, பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, மருத்துவமனை ஆகியவற்றுக்குரிய உண்மையான வழித் தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனை நேர்த்தொலைவால் வகுத்தால் சுற்று விகிதம் கிடைக்கும். அது இரண்டுக்கு மேற்பட்டால் சிந்தித்துச் செயல்படுங்கள்.

இரண்டாவதாக, வழிகளை எண்ணுங்கள். இரண்டு வாயில்கள் இருப்பதாலேயே இரண்டு வழிகள் ஆகிவிடா. இரண்டும் ஒரே சாலையில் சேர்ந்தால் அது ஒரு வழியே. ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று வேறொரு பெருஞ்சாலையைச் சென்றடைகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, அணுகுபாதை யாருடையது என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்களும் பூங்காவும் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதற்கான பத்திரத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். பாதை தனியாருடையது எனில், வழியுரிமை உங்கள் கிரையப் பத்திரத்திலும் மூலப்பத்திரத்திலும் எழுத்தால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 'காலங்காலமாகப் போய் வருகிறோம்' என்னும் வாய்மொழி உறுதி போதுமானதன்று. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். தமிழகத்தில் புறம்போக்கு என வழங்கும் நிலம் போல, கர்நாடக வருவாய் ஆவணங்களில் 'கராபு' என்னும் வகை உண்டு. அதில் 'பி கராபு' எனக் குறிக்கப்பட்டது பாதை, ஓடை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குரியது. அதனைத் தனியார் விற்க இயலாது.

நான்காவதாக, கத்தாவின் வகையை அறியுங்கள். அங்கீகாரமின்றிப் பிரிக்கப்பட்ட மனைகள் 'பி' பதிவேட்டில் இருக்கக்கூடும். அத்தகைய சொத்துக்கு வங்கிக் கடன் பெறுவது கடினம். மனைப்பிரிவு வரைபடம் அங்கீகரிக்கப்படாதபோது, அதன் தெருக்களும் பொதுத் தெருக்களாக ஆவணங்களில் இடம்பெறாமல் போகலாம் என்பதையும் இதனுடன் சேர்த்துக் கருத வேண்டும்.

ஐந்தாவதாக, முழுமைத் திட்ட வரைபடத்தைப் பாருங்கள். வரைபடத்தில் மட்டும் உள்ள சாலைக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். மறுபுறம், அச்சாலை உங்கள் மனையின் மீதே செல்வதாக வரையப்பட்டுள்ளதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர்க் கால்வாயை ஒட்டியோ அதன் மீதோ அமைந்த பாதையையும் நிலையானது என்று நம்பிவிடாதீர்கள்.

கடன் விண்ணப்பத்தின்போது வங்கியின் சட்ட ஆலோசகர் அணுகுபாதை குறித்துக் கேள்வி எழுப்பினாலோ, மதிப்பீட்டாளர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பைத் தந்தாலோ, அதனைத் தடையாகக் கருத வேண்டாம். பிணையமாக வரும் சொத்து பின்னாளில் விற்கத்தக்கதா என்று வங்கி ஆராய்கிறது. வாங்குபவருக்கும் அதே அக்கறை இருக்க வேண்டும். அவ்வறிக்கைகளில் கூறப்பட்ட காரணங்களைக் கிளை அலுவலரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே ஆவணங்களின் நகல்களுடன் எங்கள் கிளையை அணுகினால், கேட்க வேண்டிய கேள்விகளை உரிய நேரத்தில் கேட்க இயலும்.

சுவரின் வண்ணத்தை மாற்றலாம், சமையலறையை விரிவாக்கலாம், தேவைப்பட்டால் மாடியும் எழுப்பலாம். வீட்டுக்கு வரும் வழியை மட்டும் வாங்கிய பின் மாற்றுவது அரிது. ஆகவே வீட்டைப் பார்க்கச் செல்லும் நாளில், கதவைத் திறப்பதற்கு முன் தெருவின் இரு முனைகளையும் சென்று பார்த்துவிட்டு வாருங்கள்.